முன் டயரைத் தின்பது ஸ்டீயரிங்தான்

சிம் ரேசிங்கில், அதாவது நிஜத்தைப் போலவே அமைந்த பந்தய விளையாட்டில், பார்சிலோனா டிராக்கில் ஜிடி3 வண்டியோடு (பந்தயத்துக்கென மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒரு மணி நேரப் பந்தயம் ஓட்டினால், நான்கு டயரில் முதலில் கைவிரிப்பது இடது முன் டயராகத்தான் இருக்கும். அந்த டிராக் கடிகார முள் திசையில் ஓடுகிறது. நேரத்தைத் தீர்மானிக்கும் நீண்ட வளைவுகள் பெரும்பாலும் வலப்பக்கம். மூன்றாவது வளைவு மேடேறிக்கொண்டே முடியாமல் நீளும் வலது. அதை விட்டு வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் நான்காவது, அதுவும் வலது. ஒன்பதாவது, மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமலே வேகமாக உள்ளே விட வேண்டிய வலது. பன்னிரண்டாவது மறுபடியும் இழுத்தடிக்கும் வலது. வலப்பக்கம் திரும்பும்போது சுமை இடப்பக்க டயர்களில் ஏறுகிறது. அந்த இரண்டில் முன்னால் இருப்பதற்கு வண்டியைத் திருப்பும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

பத்துப் பன்னிரண்டு சுற்று கழிந்தால் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் 90 டிகிரி ஸ்டீயரிங்கில் அடங்கிய வளைவு இப்போது 110 கேட்கும். வண்டியின் மூக்கு வெளிப்பக்கக் கர்பை (டிராக்கின் விளிம்புக் கட்டையை) நோக்கி நழுவும். ஆக்சிலரேட்டரை எப்போதும் மிதிக்கும் இடத்தில் மிதிக்க முடியாது. ஒரு சுற்றுக்கு அரை நொடி போகும். பின் டயர்களோ அப்போதும் புதிது போல இருக்கும்.

இதற்குக் கேட்டவுடன் கிடைக்கும் வைத்தியம் செட்டப், அதாவது வண்டியின் அமைப்பை மாற்றுவது. கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) கூட்டு, முன் ஆன்டி ரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை) தளர்த்து, காற்றைக் குறை என்பார்கள். அதற்கும் வருவோம். ஆனால் அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனே (ஏசிசி) ஆகட்டும், ஐரேசிங் ஆகட்டும், ஒரே செட்டப்பில் ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டி, அதே லேப் நேரத்தில் ஒருவருடைய முன் டயர் மட்டும் சீக்கிரம் தேய்வது சர்வ சாதாரணம். வித்தியாசம் முழுக்கக் கையிலும் காலிலும் இருக்கிறது. அதனால் முதலில் ஸ்டீயரிங், பிறகு பிரேக், கடைசியில் செட்டப் என்ற வரிசையில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்று டிகிரி என்ன செய்யும்

சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே உள்ள கோணம்தான் ஸ்லிப் ஆங்கிள். இந்தக் கோணம் இல்லாமல் டயரால் பக்கவாட்டில் பிடிக்க முடியாது, ஆகவே ஓரளவு வழுக்கல் எப்போதும் உண்டு. கோணம் ஏற ஏறப் பிடியும் ஏறும். ஓர் இடத்தில் உச்சியைத் தொடும். அதைத் தாண்டினால் பிடி மெல்லக் குறையும். ரேஸ் ஸ்லிக் டயருக்கு (வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயர்) இந்த உச்சி, டயரையும் சுமையையும் பொறுத்து, பொதுவாக 5 முதல் 8 டிகிரிக்குள் வரும்.

முக்கியமான விஷயம் அந்த உச்சியின் வடிவம். அது கூர்மையான முனை கிடையாது, தட்டையான மேடு. உச்சிக் கோணத்தில் முக்கால் பங்கை எட்டியதுமே பிடியில் ஏறக்குறைய 96, 97 சதவீதம் வந்துவிடும். மீதி மூன்று நான்கு சதவீதத்துக்காகக் கோணத்தில் கால் பங்கைக் கூடுதலாகச் செலவழிக்கிறோம். உச்சியைத் தாண்டிய பிறகு செலவு மட்டும்தான், வரவு கிடையாது.

செலவை எண்ணில் பார்க்கலாம். மணிக்கு 150 கி.மீ. என்பது நொடிக்கு 41.7 மீட்டர். 6 டிகிரி ஸ்லிப் ஆங்கிளில் டயர் நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தேய்கிறது. 9 டிகிரியில் அதுவே 6.5 மீட்டர். அந்த டயர் 6,000 நியூட்டன் பக்கவாட்டு விசை தருவதாக வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் சுமார் 26 கிலோவாட், இரண்டாவதில் 39 கிலோவாட் வெப்பமாகவும் தேய்மானமாகவும் ரப்பரில் இறங்குகிறது. ஒன்றரை மடங்கு. வளைவில் கிடைக்கும் வேகம் அதேதான், சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு.

இந்த மூன்று டிகிரி ஓட்டுபவர் கையில் எவ்வளவு? ஸ்டீயரிங் விகிதம் 13-க்கு 1 என்றால் கிட்டத்தட்ட 40 டிகிரி. வண்டி திரும்பவில்லையே என்ற பதற்றத்தில் கை தானாகச் சுற்றிவிடும் அளவு அது. சுற்றிய பிறகும் வண்டி அதே பாதையில்தான் போகும், ஏனென்றால் டயர் ஏற்கெனவே தன் உச்சியில் இருந்தது. ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் சுற்றுவார்.

அடுத்து நடப்பது ஒரு சுழல். மேற்பரப்பு சூடேறுகிறது, சூட்டில் பிடி குறைகிறது, பிடி குறைந்ததால் அதே வளைவுக்கு இன்னும் அதிக ஸ்டீயரிங் தேவைப்படுகிறது, அது இன்னும் சூடேற்றுகிறது. ஏசிசியில் ஒரு மணி நேரத்தில் ஸ்லிக் டயர் தேய்ந்து அடியோடு தீர்ந்துவிடாது. அங்கே முதலில் அடிப்பது இந்த வெப்பச் சுழலும், அதோடு ஏறிக்கொண்டே போகும் காற்றழுத்தமும்தான். ஐரேசிங்கிலோ லெமான்ஸ் அல்டிமேட்டிலோ தேய்மானமும் அதே அளவுக்குக் கணக்கில் வரும்.

நிஜ உலகில் முன் டயரை எல்லைக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 2 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த ஃபார்முலா 1 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயே சாட்சி. 52 சுற்றுப் பந்தயம். ஆரம்பத்தில் சேஃப்டி கார் (விபத்தின்போது எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கும் கார்) வந்தபோது பெரும்பாலோர் ஹார்ட் டயருக்கு மாறி, அதிலேயே ஏறக்குறைய 40 சுற்று ஓட்டப் பார்த்தார்கள். கடைசி மூன்று சுற்றுக்குள் பொட்டாஸ், சைன்ஸ், ஹாமில்டன் மூவருக்கும் உடைந்தது ஒரே டயர், இடது முன். ஹாமில்டன் கடைசிச் சுற்றைக் காற்றில்லாத டயரோடு உருட்டி வந்து ஜெயித்தார். சில்வர்ஸ்டோனும் கடிகாரத் திசை டிராக்தான், அதிலும் அதிவேக வலது வளைவுகள் நிறைய. எந்த டிராக்கை இறக்கினாலும் முதலில் செய்ய வேண்டியது, எந்தப் பக்கம் நீண்ட வளைவுகள் அதிகம் என்று பார்த்துவைப்பது. இஸ்தான்புல்லின் எட்டாவது வளைவு இடது, அங்கே அடி வாங்குவது வலது முன் டயர்.

கை எதைக் கேட்க வேண்டும்

உச்சி எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டாது, ஸ்டீயரிங் காட்டும். டயர் திரும்பும்போது சக்கரத்தை நேராக்கப் பார்க்கும் ஒரு முறுக்கு விசை உண்டு, அதுதான் கையில் எடையாகத் தெரிவது. இந்த முறுக்கு விசை, பக்கவாட்டுப் பிடி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே தன் உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். அதாவது ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் லேசாகத் தளர்ந்தால், இன்னும் ஒரு டிகிரி ஒன்றரை டிகிரியில் எல்லை. கை அங்கே நிற்க வேண்டும். தளர்ந்ததே என்று மேலும் சுற்றினால் எல்லை தாண்டியாயிற்று.

பலருக்கு இந்தத் தளர்ச்சியே தெரிவதில்லை. காரணம் கிளிப்பிங், அதாவது வீலின் மோட்டார் தன் உச்ச விசையில் முட்டி நிற்பது. லாஜிடெக் ஜி29 போன்ற வீல் அதிகபட்சம் 2 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான் தரும். கெயினை (விசையின் அளவை) 100-ல் வைத்து ஓட்டினால் நீண்ட வளைவு முழுக்க மோட்டார் உச்சத்திலேயே நிற்கும். விசை ஏறினாலும் இறங்கினாலும் கைக்கு ஒரே எடை. ஏசிசியில் கீழே உள்ள ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் கைக்குத் தரும் விசை) பட்டையையும், ஐரேசிங்கில் எஃப் பட்டையையும் பார்த்துக்கொண்டே மூன்றாவது வளைவை எடுத்துப் பாருங்கள். வளைவு நடுவில் சிவப்பு விடாமல் நின்றால் கெயினை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். கர்பில் ஏறும்போது மட்டும் சிவப்பு மின்னலாம், அதில் தவறில்லை. வீல் மொத்தத்தில் இலேசாகிவிட்டதே என்று தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். 5, 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் வீல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவர்களும் டேம்பிங்கை (வீலின் அசைவை மந்தமாக்கும் அமைப்பை) அதிகம் ஏற்றி வைத்தால் இதே தகவலைத்தான் புதைக்கிறார்கள்.

காது இன்னொரு கருவி. எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து டயர் சத்தத்தை ஏற்றுங்கள். மெல்லிய முனகல் டயர் வேலை செய்யும் ஒலி. அது அடித்தொண்டைக்கு மாறி உராயும் சத்தமானால் முன் டயர் உழுதுகொண்டிருக்கிறது.

மூன்றாவது வளைவில் ஒரு சோதனை

பயிற்சி செஷனில் பெட்ரோல் 30 லிட்டர், வானிலை நிலையாக. மூன்று நான்கு சுற்று ஓட்டி டயரைச் சூடாக்கிய பிறகு இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது வளைவில் வழக்கம்போல நுழைந்து, நடுப்பகுதியில் வண்டி நிலைபெற்றதும், ஆக்சிலரேட்டரை மாற்றாமல் ஸ்டீயரிங்கை மட்டும் 10 டிகிரி குறையுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். பாதை உடனே அகன்றால் நீங்கள் உச்சிக்கு இந்தப் பக்கம் இருந்தீர்கள், நல்லது. பாதை மாறவே இல்லையென்றால் அந்த 10 டிகிரியும் வெறும் தேய்மானம். மூக்கு இன்னும் உள்ளே வந்தால் நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் போயிருந்தீர்கள். அடுத்த சுற்றில் இன்னொரு 10 டிகிரி எடுத்துப் பாருங்கள். பாதை அகல ஆரம்பிக்கும் அளவு கிடைக்கும்வரை இப்படியே இறங்கினால், அந்த வேகத்தில் அந்த வளைவுக்கு உண்மையில் எவ்வளவு ஸ்டீயரிங் தேவை என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

அது தெரிந்த பிறகு வேகத்தைத் தொடலாம். வளைவில் தேவைப்படும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 150-க்குப் பதில் 147-ல் எடுத்தால், இரண்டு சதவீத வேகக் குறைவுக்கு நான்கு சதவீத விசைக் குறைவு. தட்டையான உச்சி இங்கேதான் நமக்கு உதவுகிறது. நான்கு சதவீத விசையை விட்டுக்கொடுத்தால் ஸ்லிப் ஆங்கிளில் கால் பங்கு இறங்கும், அதோடு தேய்மானமும் அதே அளவுக்கு மேல் இறங்கும். ஐந்து நொடி நீளும் வளைவில் இதன் விலை 0.1 நொடி. தகுதிச் சுற்றில் அது பெரிய தொகை. 30 சுற்றுப் பந்தயத்தில், பத்தாவது சுற்றுக்கு மேல் மற்றவர்கள் அரை நொடி அரை நொடியாக இழக்கும்போது, அது சில்லறை.

இந்த 0.1 நொடியை எல்லா வளைவிலும் கொடுக்க வேண்டியதில்லை. பார்சிலோனாவில் மூன்று, ஒன்பது, பன்னிரண்டு ஆகிய மூன்று வளைவுகளில் கொடுத்தாலே இடது முன் டயருக்குப் பெரும்பாலான ஓய்வு கிடைத்துவிடும். ஐந்து, பத்து இரண்டும் இடப்பக்கம் திரும்பும் மெதுவான வளைவுகள், அங்கே இடது முன் டயரில் சுமை குறைவு. அங்கே சேமிக்கிறேன் என்று மெதுவாகப் போவது வீண் தானம்.

மூன்றாவது வளைவில் கை எப்படிச் சுற்றுகிறது என்பதும் கணக்கில் சேரும். நுழைவில் வெடுக்கென்று சுற்றினால் டயரில் சுமை ஏறுவதற்கு முன்பே கோணம் ஏறிவிடும். முதல் அரை நொடியில் மேற்பரப்பு சுடும், வளைவின் மீதி முழுக்க அந்தச் சூட்டோடுதான் ஓட வேண்டும். ஒரே சீராகச் சுற்றி, ஒரு கோணத்தில் நிறுத்தி, அதிலேயே பிடித்துக்கொண்டு போவதுதான் இலக்கு. நடுவில் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டுவது பின் டயரைப் பிடித்து நிறுத்த உதவலாம், முன் டயருக்கு அது தண்டனை. பாதை உள்ளே வர வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை 5, 10 சதவீதம் தளர்த்துங்கள். சுமை முன்னால் வரும், மூக்கு தானாக உள்ளே திரும்பும். ஸ்டீயரிங்கைக் கூட்டுவதைவிட இது மலிவு.

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்

டயரிடம் இருப்பது ஒரே கையிருப்பு. நிறுத்துவதற்குச் செலவழித்தது போகத்தான் திருப்புவதற்கு மிச்சம். பிரேக்கை 60 சதவீதம் அழுத்தியபடியே முழு ஸ்டீயரிங்கையும் கொடுத்தால் முன் டயர் இரண்டையும் அரைகுறையாகச் செய்து சூடேறும். ஜிடி3 வண்டியில் ஏபிஎஸ் இருப்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, அதனால் தவறு வெளியே தெரியாது. வளைவுக்குள் நுழையும்போது ஏபிஎஸ் துடித்துக்கொண்டே இருந்தால் அந்த டயர் எல்லையில் இருக்கிறது என்று அர்த்தம்.

சரியான முறை: நேராக இருக்கும்போது பலமாக அழுத்தி, ஸ்டீயரிங் ஏற ஏறப் பிரேக்கைப் படிப்படியாக விட்டு, அபெக்ஸ் (வளைவில் உள்விளிம்பை மிக நெருங்கும் இடம்) வரும்போது பூஜ்யத்துக்கு வருவது. முழுக்க முன்னாடியே விட்டுவிட்டால் சுமை பின்னால் போய்விடும், முன் டயரை அழுத்திப் பிடிக்க எதுவும் இருக்காது, ஸ்டீயரிங்கைக் கூடச் சுற்ற வேண்டிவரும். 5 முதல் 10 சதவீத பிரேக் அபெக்ஸ் அருகே வரைக்கும் இருப்பது மூக்கை அழுத்திவைக்கும். போர்ஷே 911 ஜிடி3 ஆர் போல எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டிகளில் இது இன்னும் அவசியம். முன்பக்கம் இலேசு என்பதால் பிரேக்கை விட்டவுடனே மூக்கு மிதக்கும். பெடலை விடும் வேகத்தைப் பழகுவது அழுத்தும் வேகத்தைப் பழகுவதைவிடக் கடினம். சிம்மில் நேரம் செலவழிக்கத் தகுந்தது அதுதான் என்பது என் கருத்து.

பிரேக் பயஸ், அதாவது பிரேக் விசையை முன்னும் பின்னும் பங்கிடும் அளவு, இதோடு சேர்ந்தது. முன்பக்கம் அதிகம் வைத்தால் வண்டி நிதானமாக நிற்கும், ஆனால் நிறுத்தும் வேலை முழுக்க முன் டயர் மேல் விழும். ஒவ்வொரு கிளிக்காகப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். பிரேக்கை விட்டுக்கொண்டே திரும்பும்போது பின்பக்கம் ஆட ஆரம்பித்தால் ஒரு கிளிக் முன்னே வந்து நிறுத்துங்கள். பெட்ரோல் குறையக் குறைய இந்த எல்லை நகரும், ஆகவே பந்தயம் நடுவிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

வெளியே வரும்போது விதி எளிது: கால் மிதிக்கும் அளவுக்குக் கை நேராக வேண்டும். பாதி ஸ்டீயரிங் இருக்கும்போதே முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சுமை பின்னால் ஓடும், முன் டயர் இலேசாகி வழுக்கும். அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் ஸ்டீயரிங். இந்த இரண்டு மூன்று நொடிகள்தான் நான்காவது, பன்னிரண்டாவது வளைவுகளில் இடது முன் டயரைத் தின்கின்றன. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பின் டயரைக் காப்பாற்றிவிடும், முன் டயரைக் காப்பாற்ற அப்படி ஒன்று கிடையாது. அபெக்ஸை ஒரு வண்டி நீளம் தள்ளி எடுத்து, வண்டி திரும்பி முடிந்த பிறகு ஒரே மூச்சில் மிதிப்பது நேரத்தில் பெரிதாக எதையும் இழக்காது.

செட்டப்: எது உதவும், எது தப்பெண்ணம்

காற்றழுத்தம் முதலில். ஏசிசியின் 1.9 பதிப்புக்குப் பிறகு ஜிடி3 ஸ்லிக் டயருக்குச் சூடான நிலையில் 26 முதல் 27 பிஎஸ்ஐ. பழைய காணொளிகளில் 27.5 என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் முன் டயரின் நடுப்பகுதியே அதிகம் சுமை வாங்கும். குறைவாக வைத்தால் டயரின் பக்கச்சுவர் நெளிந்து உள்ளிருந்து சூடேறும், ஓரங்கள் தேயும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இடது முன் டயர்தான் அதிகம் சூடாகும், ஆகவே கராஜில் மற்ற மூன்றைவிட அதற்குக் குறைவான அழுத்தத்தில் தொடங்க வேண்டும். நான்கிலும் ஒரே எண்ணை வைத்துவிட்டுக் கிளம்புவது பரவலான தவறு. அழுத்தத்தை மூன்று சுற்றில் படித்து முடிவு செய்யக்கூடாது. பந்தயத்தில் ஓட்டும் வேகத்தில் எட்டுப் பத்துச் சுற்று ஓடிய பிறகு நிற்கும் எண்தான் கணக்கு. வெயில் ஏறி வெப்பநிலை 5 டிகிரி கூடினால் சூடான அழுத்தம் சுமார் அரை பிஎஸ்ஐ ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம்பர் அடுத்து. ஜிடி3-ல் முன்பக்கம் மைனஸ் 3 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும். வளைவில் வண்டி சாயும்போது வெளி டயரின் வெளி விளிம்பு சுமை வாங்கும், அதை ஈடுகட்டவே இந்தச் சாய்வு. டயரின் உள், நடு, வெளி வெப்பத்தைப் பாருங்கள். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 டிகிரி சூடாக இருந்தால் சரி. வெளிப்பக்கம் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை, அல்லது நீங்கள் ஸ்டீயரிங்கை அதிகம் சுற்றுகிறீர்கள். இரண்டும் ஒரே அடையாளத்தைத் தரும். கையைச் சரிசெய்யாமல் கேம்பரைக் கூட்டினால் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுத்த கதை, பிரேக்கிடும் தூரமும் கூடும்.

ஆன்டி ரோல் பாருக்கு வருவோம். டயரில் சுமை இரட்டித்தால் பிடி இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகவே ஏறும். ஆகவே முன்பக்கத்தில் உள் டயரிலிருந்து வெளி டயருக்கு எவ்வளவு குறைவாகச் சுமை மாறுகிறதோ, அவ்வளவு நல்லது. முன் பாரை ஒரு படி தளர்த்தினாலோ பின் பாரை ஒரு படி இறுக்கினாலோ மூக்குக்குப் பிடி கூடும். ஒரே நேரத்தில் இரண்டையும் தொடாதீர்கள். விலை என்னவென்றால், முன் பார் தளர்ந்தால் வேகமான வளைவில் திருப்பிய உடனே பதில் வராது, பின் பார் இறுகினால் வெளியேறும்போது பின்பக்கம் நழுவும். ஒன்பதாவது வளைவில் நம்பிக்கையோடு உள்ளே விட முடிகிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல். முடியவில்லையென்றால் ஒரு படி திரும்பிவிட வேண்டியதுதான்.

அண்டர்ஸ்டியர் (மூக்கு திரும்பாமல் வெளியே நழுவுவது) வேகமான வளைவில் மட்டும் இருந்தால் அது வண்டியைக் கீழே அழுத்தும் காற்றின் வேலை. பின் விங்கை ஒரு படி குறைப்பதோ, பின்பக்க உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்றுவதோ பிடியின் சமநிலையை முன்னே தள்ளும். மெதுவான வளைவிலும் இருந்தால் பாரும் டிஃப்ரென்ஷியல் ப்ரீலோடும்தான் பார்க்க வேண்டியவை. ப்ரீலோடு அதிகமானால் ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும், வண்டி நேராகப் போக விரும்பும், அந்தப் பிடிவாதத்தை உடைக்கும் சுமை முன் டயர் மேல்.

டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) பற்றிய பயம் கொஞ்சம் மிகை. ஒரு சக்கரத்துக்கு 0.2 டிகிரி டோ அவுட் இருந்தால், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டுத் தேய்ப்பு நொடிக்கு 0.24 மீட்டர்தான். முன்பு 6 டிகிரியில் பார்த்த 4.4 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தனியாகத் தேய்ந்தால் டோவைப் பூஜ்யத்தை நோக்கி 0.05 டிகிரி நகர்த்தலாம். அதைத் தவிர அதில் பெரிய புதையல் எதுவும் இல்லை.

முன்னால் ஒரு வண்டி இருந்தால்

இன்னொரு வண்டியின் பின்னால் ஒட்டிப் போகும்போது முன்பக்கத்தைக் கீழே அழுத்தும் காற்றின் விசை குறைகிறது. மூக்கு இலேசாகிறது, கை தானாகக் கூடச் சுற்றுகிறது, ஐந்து சுற்றில் டயர் சூடேறிவிடுகிறது. நேரோட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீண்ட வளைவு வரும்போது பாதி வண்டி அகலம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி ஓட்டி, மூக்குக்குக் கலங்காத காற்றைக் கொடுங்கள். முந்தும் வாய்ப்பு அடுத்த இரண்டு சுற்றில் இல்லையென்றால் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விட்டு டயரை ஆற வையுங்கள். சூடேறிய மேற்பரப்பு ஒரு சுற்று நிதானத்தில் பெருமளவு மீண்டுவிடும். தேய்ந்த ரப்பர் மீளாது.

அளந்து பார்ப்பது

உணர்வை நம்பி செட்டப்பை மாற்றினால் முடிவில்லாமல் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஏசிசியில் செட்டப்பின் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் டெலிமெட்ரி லேப் எண்ணிக்கையை ஏற்றினால் மோட்டெக் என்ற ஆய்வு மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பு பதிவாகும். அதில் ஸ்டீயரிங் கோணத்தையும் பக்கவாட்டு ஜி-யையும் (பக்கவாட்டு விசையின் அளவு) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூன்றாவது வளைவைப் பாருங்கள். ஸ்டீயரிங் கோடு ஏறுகிறது, ஜி கோடு தட்டையாக நிற்கிறது அல்லது இறங்குகிறது என்றால், அந்த இடைவெளிதான் நீங்கள் ரப்பராகக் கொட்டிய பணம். இரண்டாவது சுற்றையும் பதினெட்டாவது சுற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் சுழல் எந்த வளைவில் தொடங்குகிறது என்பதும் தெரியும். பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி நான்காவதில் வளரும்.

ஐரேசிங்கில் ஓடும்போது தேய்மானம் தெரியாது. பிட்டில் நிறுத்திய பிறகுதான் ஒவ்வொரு டயருக்கும் மூன்று இடங்களில் மிச்சமுள்ள ரப்பர் சதவீதம் வரும். ஆகவே 15 சுற்று ஓட்டி, உள்ளே வந்து, எண்ணைக் குறித்து, ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே பெட்ரோலோடு மறுபடி 15 சுற்று. பார்க்க வேண்டியது இடது முன் டயருக்கும் இடது பின் டயருக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் அருகருகே வந்துவிட்டால் மேலும் தோண்ட வேண்டாம், அடுத்தது பின் டயர் முதலில் போகும்.

கிரான் டூரிஸ்மோ 7-ல் கணக்கு வேறு. அங்கே தேய்மானம் பெருக்கி வைத்து ஓடும், சில பந்தயங்களில் செட்டப்பைத் தொடவே முடியாது. ஆனால் ரேஸ் வண்டிகளில் பிரேக் பாலன்ஸை ஓட்டும்போதே மாற்றலாம். பிளஸ் எண் பின்பக்கம். முன்சக்கர இழுவை வண்டிகளுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். அங்கே இழுப்பது, நிறுத்துவது, திருப்புவது மூன்றும் முன் டயர்தான், பின் டயர் சும்மா உருண்டு வருகிறது. பிளஸ் 3-ல் தொடங்கி, பின்பக்கம் தாங்கினால் 5 வரை போகலாம். கூடவே, ஸ்டீயரிங் நேராகும்வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஒரு கியர் கூடுதலாக வைத்து வெளியேறினால் முன் சக்கரம் சுழல்வது நிற்கும்.

கேம்பேடில் ஓட்டுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் விளையாட்டு எவ்வளவு ஸ்டீயரிங் கொடுக்கிறது என்பது வேக உணர்திறன் அமைப்பைப் பொறுத்தது. அதை ஏற்றினால் வேகம் கூடும்போது சக்கரம் குறைவாகத் திரும்பும். மூன்றாவது வளைவில் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் டயர் உராயும் சத்தம் வராத அளவுக்கு அதை ஏற்றிக்கொள்ளுங்கள். பத்தாவது வளைவு போன்ற மெதுவான திருப்பத்தில் வண்டி திரும்ப மறுத்தால் அளவு மீறிவிட்டது, ஐந்து சதவீதம் இறக்குங்கள்.